ஆபத்து வேளைக்கு ஓர் அலைவழி

ஆபத்து நேரும்போது முதலில் போய்ச் சேரவேண்டியது செய்தி. தண்ணீர் வண்டியும் மருத்துவ வண்டியும் அதன் பின்னரே வர இயலும். இந்த உண்மையை ஆனேக்கல் வட்டத்தில் வாழும் நம்மவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் பிற்பகலில், அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்கில் தீ மூண்டது. 14 பேர் அன்றே மாண்டனர். மேலும் சிலர் பின்னர் மருத்துவமனையில் உயிர் நீத்தனர். அவர்களுள் பெரும்பாலோர், தீபாவளிப் பருவத்தில் நாலு காசு சேர்க்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். தருமபுரி மாவட்டத்து அம்மாபேட்டை என்ற ஒரே சிற்றூர் தன் பிள்ளைகள் பலரைப் பறிகொடுத்தது. வெடிப்பொருள் விதிகளைக் கண்டிப்புடன் நிறைவேற்றுவதே இத்தகைய கொடுமைக்கு முதல் மருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும், தீ மூண்டபின் விரைந்து வரும் தீயணைப்புப் படையினர், காவலர், மருத்துவப் பணியாளர் ஆகியோர் தமக்குள் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர் என்பதும் நாம் சிந்திக்கத்தக்க பொருளேயாகும்.

இன்றைய நிலை

காவலர் கையில் கம்பியில்லாக் கருவி இருப்பதை நாம் பார்க்கிறோம். காவல்துறை, அரசியல் சட்டப்படி, மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே அமைத்துக்கொண்டது. அவை பெரும்பாலும் குரலைச் சுமக்கவே ஏற்பட்டவை. எரியும் கட்டடத்தின் வரைபடத்தையோ, உள்ளே சிக்கியோர் நிலையைக் காட்டும் படத்தையோ அவற்றின் வழியே அனுப்புவது அரிது.

படத்துக்குக் கைபேசியை நாடலாமே என்று கேட்கலாம். விபத்து நடந்த இடத்தில் கூடிய நூற்றுக்கணக்கானோரும் அதே வேளையில் கைபேசியை எடுப்பார்கள். அப்போது கோபுரம் திணறும். தீயணைப்பு அதிகாரியின் அழைப்பும் வேடிக்கை பார்ப்பவரின் அழைப்பும் ஒரே வரிசையில் நிற்கும். மின்சாரம் நின்று மின்கலமும் தீர்ந்துவிட்டால் கோபுரம் ஊமையாகிவிடும். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, உறவினரின் குரலைக் கேட்க இயலாமல் தவித்த குடும்பங்கள் எத்தனை!

தனி வலையின் இயல்பு

இக்குறைகளைப் போக்கவே, மீட்புப் பணியாளருக்கென்று தனி அகலக்கற்றை வலை வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூன் 4ஆம் நாள் இதுபற்றிய பரிந்துரைகளை வெளியிட்டது. 814 முதல் 824 வரையிலும், 859 முதல் 869 வரையிலும் உள்ள மெகாஹெர்ட்ஸ் அலைகளை இப்பணிக்கு ஒதுக்கலாம் என்றும், மத்திய உள்துறையின்கீழ் ஒரு தனி அமைப்பு இதனை நடத்தலாம் என்றும் அது கூறிற்று. செலவைக் கருதி, ஒரு பகுதி அரசின் சொந்த வலையாகவும், மறுபகுதி கைபேசி நிறுவனங்களின் வலையைப் பயன்கொள்வதாகவும் அமையலாம் என்பது அதன் கருத்து.

இவ்வலையில் பணியாளருக்கு முன்னுரிமை உண்டு. நெரிசல் மிகுந்தால் பிற அழைப்புகள் விலகி வழிவிடும். ஒரு பொத்தானை அழுத்தினால் குழுவினர் அனைவரும் ஒருங்கே கேட்கலாம். கோபுரம் சாய்ந்தாலும், அருகருகே உள்ள கருவிகள் தமக்குள் நேரே பேசும் வகையில் அமைக்கலாம்.

உலகின் பட்டறிவு

2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க் கோபுரங்கள் தாக்குண்டபோது, வானிலிருந்து காவலர் கண்டு சொன்ன எச்சரிக்கை உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களை முறையாக எட்டவில்லை. அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அந்நாட்டுப் பேரவை மீட்புப் பணியாளருக்கான தனி வலைக்குச் சட்டம் செய்ததோ 2012இல்தான். தென்கொரியாவில் 2014 ஏப்ரலில் சேவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் மடிந்த பின்னர், அரசு விழித்தெழுந்து 2021இல் நாடு தழுவிய வலையை நிறைவு செய்தது. துயரம் வந்தபின் கற்ற பாடங்கள் இவை. வெள்ளம் வருமுன் அணை போடுவதன்றோ அறிவுடைமை?

ஆனேக்கலுக்கு வேண்டுவது யாது?

முதலாவது, எல்லையைக் கடந்த பேச்சு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். தீ மாநில எல்லையைப் பார்த்து மூள்வதில்லை. இருபுறத்துப் படைகளும் வேண்டியபோது ஒரே குழுவாகப் பேச இயலாவிடில், எத்துணை விலையுயர்ந்த வலையும் அரைப்பயனே தரும்.

இரண்டாவது, ஆளில்லாத இடத்திலும் அலை எட்டவேண்டும். வணிக நிறுவனம் மக்கள்தொகையைப் பார்த்துக் கோபுரம் எழுப்பும். மீட்பு வலையோ நிலப்பரப்பைப் பார்த்து அமையவேண்டும். பன்னேருகட்டா வனத்தின் ஓரத்துச் சிற்றூரும், பொம்மசந்திராவின் தொழிற்சாலை நிலவறையும் கணக்கில் வரவேண்டும்.

மூன்றாவது, மொழி. தமிழில் பதறும் தொழிலாளியின் சொல் கன்னட அதிகாரிக்கு விளங்காமல் போகலாம். இடத்தைக் காட்டும் படத்துக்கு மொழித் தடையில்லை.

வலை வரும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. ஆபத்துக்கு அழைக்கும் எண் 112 என்பதை வீட்டுப் பிள்ளைகள் அறியட்டும். எல்லையோரத்தில் நம் கைபேசி அடுத்த மாநிலக் கோபுரத்தைப் பற்றிக்கொள்வதுண்டு. ஆகவே அழைத்தவுடன் மாநிலத்தையும் ஊரையும் முதலில் சொல்லவேண்டும். தெருப்பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் கன்னடத்தில் எழுதிக் கதவருகே ஒட்டி வைப்பது நலம். ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் இளைஞனுக்கு, வேலையிடத்தின் முழு முகவரியையும் வெளியேறும் வழியையும் முதல் நாளே கற்பிப்பது மூத்தோர் கடமை.

தனி வலையை நிறுவுவது அரசின் கடமை. அது எல்லை கடந்து பேசும் வலையாக அமையவேண்டும் என்று இரு மாநில அரசுகளையும் வற்புறுத்தும் உரிமை, இரு மாநிலங்களிலும் வியர்வை சிந்தும் நமக்கு உண்டு. அவ்வுரிமையைச் சங்கங்கள் ஒன்றுகூடிச் செலுத்துமாக!