போர்வைக்குள் எரியும் செல்போன்: பிள்ளைகளின் தூக்கத்தைக் காப்பாற்றுவோம்

பெரம்பலூர்ப் பக்கம் வாலிகண்டபுரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டிருக்கும் வீடுகளில் பெரியவர்கள் சீக்கிரம் படுத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் காட்டுக்குப் போக வேண்டும். பதினோரு மணிக்கு மேல் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் லாரி சத்தத்தைத் தவிர ஊரில் அரவம் இருக்காது. அந்த நேரத்தில்தான் போர்வைக்குள் செல்போன் எரிகிறது. "எத்தனை மணி நேரம் பார்க்கலாம் டாக்டர்?" என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளை எந்த நேரத்தில் பார்க்கிறான் என்பதையும் கேட்க வேண்டும். பகலில் ஒரு மணி நேரம் விளையாடுவதும், இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் விளையாடுவதும் உடம்புக்கு ஒன்றல்ல.

போன் எப்படிக் கைக்கு வந்தது

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் வகுப்புக்குப் போனார்கள். இடையில் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது, கல்வித் தொலைக்காட்சியில் வந்தது. படிப்புக்காகக் கடன் வாங்கி போன் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்கும் வீடுகளில் அவர் முகத்தைப் பார்ப்பதே அந்தப் போனில்தான். பள்ளி திறந்தது; போன் திரும்பிப் போகவில்லை. அப்பாயியிடம் வளரும் பிள்ளையிடமிருந்து அதை எப்போது வாங்கி வைப்பது என்று அந்த அப்பாயிக்குச் சொல்லித்தர ஆளும் இல்லை.

"இதோ, ஒரே ஒரு மேட்ச்"

சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளை சொல்லும் பதில் இது. அவன் பொய் சொல்லவில்லை. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் நான்கு பேர் ஓர் அணியாக இறங்குகிறார்கள். நடுவில் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டுவந்து தொடர வழியில்லை. பாதியில் எழுந்தால் கூட விளையாடும் மூன்று பேருக்கும் நட்டம், தனக்கும் ரேங்க் இறங்கும். பிஜிஎம்ஐயில் ஒரு ஆட்டம் அரை மணி நேரம் கூடப் போகும். தோற்றால் அடுத்ததில் ஜெயிக்க வேண்டும், ஜெயித்தால் விட மனம் வராது. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் மூளை அதிகம் ஆவல்கொள்கிறது. விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரீல்ஸும் இப்படித்தான். அடுத்தது நன்றாக இருக்கும் என்று விரல் தள்ளிக்கொண்டே போகிறது.

இதனால் ஆட்டத்தின் நடுவே போனைப் பிடுங்குவது சண்டையில்தான் முடியும். ஆட்டம் தொடங்கும் முன்பே "இதுதான் கடைசி" என்று பேசி முடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தூக்கம் போனால் என்னென்ன போகும்

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். இருட்டியதும் மூளை மெலடோனின் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. கண்ணுக்கு நெருக்கமாக வைத்த திரையின் நீல ஒளி அதைத் தள்ளிப்போடும். துப்பாக்கிச் சத்தமும் துரத்தலும் நெஞ்சுத் துடிப்பை ஏற்றிவிட்டிருப்பதால், போனை வைத்த பிறகும் தூக்கம் உடனே வராது. பகலில் படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான். காலையில் எரிச்சல், பசியின்மை, வகுப்பில் கண் சொக்குதல், மதிப்பெண் சரிவு எல்லாம் இதன் தொடர்ச்சி. "புத்தி மந்தமாயிட்டான்" என்று திட்டுவதற்கு முன் அவன் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று பாருங்கள்.

கண்ணுக்கும் ஒரு வார்த்தை. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது; உறுத்தலும் தலைவலியும் வரும். பகல் வெளிச்சத்தில் விளையாடாத பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு கூடும். தைவானில் 2010-இல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வைக்கும் திட்டம் தொடங்கினார்கள். ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாடு அதன் பிறகு இறங்கியது. பெரம்பலூர்ப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மாலையில் பிள்ளையை வெளியே விளையாட அனுப்புவது செலவில்லாத வைத்தியம்.

பெரியவர்களின் ரம்மி

பிள்ளையைக் கண்டிக்கும் அப்பாவின் போனில் ரம்மி இருந்தால் பேச்சு எடுபடாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டால் தமிழ்நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. 2022-இல் மாநில அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது; 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மி, போக்கர் மீதான தடையை ரத்து செய்தது. பிறகு 2025 பிப்ரவரியில் வந்த விதிகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக்கூடாது என்று இருந்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. தனிமையும் சோர்வும் சேரும் இரவில்தான் மனிதன் கட்டுப்பாட்டை இழக்கிறான் என்பதை அரசே ஒப்புக்கொண்ட விதி அது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பண விளையாட்டுகளையே நாடு முழுவதும் தடை செய்தது. இனி இப்படிப் பணம் கட்டச் சொல்லி லிங்க் வந்தால் தொடவே வேண்டாம்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

விளையாடும் பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. நண்பர்களோடு சேர்ந்து மகிழ்ச்சியாக ஆடிவிட்டு எழுந்துவருகிறவனை விட்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியல் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் விளையாட்டு அடிமைநிலையும் ஒரு நோய். நிறுத்த நினைத்தும் முடியாமை, சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு முந்துதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் என மூன்றும் பொதுவாக ஓராண்டு நீடித்தால் அந்தப் பெயர் சொல்கிறார்கள். தீவிரமாக இருந்தால் ஓராண்டு காத்திருக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப்பிரிவு நடக்கிறது.

வீட்டில் தொடங்க ஒரு வழக்கம் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருடைய போனும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். படுக்கைக்கு எதுவும் போக வேண்டாம். முதல் வாரம் முகம் சுளிப்பான், கத்துவான். அடிக்காதீர்கள், அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையும் இருந்தால், சோறூட்டக்கூட போன் கொடுக்க வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டல்.

பிள்ளை யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, போனை வாங்கினால் செத்துப்போவேன் என்று சொன்னாலோ அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போக முடியாத இரவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.