நிபுணர்களின் வாத முறை

கற்றறிந்த நிபுணர் இருவர் ஒரே விஷயத்தைப் பற்றி முற்றும் மாறுபட்ட அபிப்பிராயங்களைக் கூறக் கேட்டால் ஜனங்களின் மனம் குழம்புகிறது. அறிந்தவர்களுக்கே ஒருமனம் இல்லையெனில் நாம் யாரை நம்புவது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் நிபுணர்கள் மாறுபடுவது குற்றமன்று. மாறுபடும் விதத்திலேதான் குணமும் குற்றமும் இருக்கின்றன. வானசாஸ்திர சரித்திரத்தில் நிகழ்ந்த இரண்டு வாதங்களை ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும்.

1920-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி வாஷிங்டன் நகரில் ஹார்லோ ஷாப்லி, ஹீபர் கர்டிஸ் என்னும் அமெரிக்க வானசாஸ்திரிகள் இருவர் ஒரே மேடையில் பேசினர். வானத்தில் சுருள் வடிவாய்த் தோன்றும் ஒளித்திரள்கள் நமது பால்வீதியைச் சார்ந்தவையா, அன்றி அதற்கப்பால் தனித்து நிற்கும் நக்ஷத்திர மண்டலங்களா என்பதே வழக்கு. முன்னது ஷாப்லியின் பக்ஷம். பின்னது கர்டிஸின் பக்ஷம். பேச்சோடு நில்லாமல், ஒருவர் ஆக்ஷேபத்துக்கு மற்றவர் விடையளித்து, 1921-ல் இருவரும் தத்தம் கட்டுரைகளை அச்சிட்டனர். யாவரும் சீர்தூக்கிப் பார்க்கும்படி ருஜுக்கள் வெளியே வைக்கப்பட்டன. 1923-ல் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடா ஒளித்திரளில் ஒளி ஏறியிறங்கும் நக்ஷத்திரமொன்றைக் கண்டு, அதைக்கொண்டு தூரத்தைக் கணித்தார். கர்டிஸின் கூற்றே சரியாயிற்று. ஆனால் சூரியன் பால்வீதியின் மையத்தினின்று வெகுதூரம் விலகி நிற்கிறதென்ற விஷயத்தில் ஷாப்லியே சரி. இருவரும் ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றனர். உலகமோ முழு லாபம் அடைந்தது.

இனி மற்றதைப் பார்ப்போம். 1935-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கத்தில், சென்னை பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்று கேம்பிரிட்ஜ் சென்றிருந்த 24 வயது வாலிபர் சுப்ரமண்யன் சந்திரசேகர் தமது முடிவை வெளியிட்டார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கும் நக்ஷத்திரம் 'வெள்ளைக் குள்ளன்' என்னும் நிலையில் தங்கவேண்டுமாயின் அதன் நிறை சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் மேலும் சுருங்கியே தீரும் என்பது அம்முடிவு. அடுத்துப் பேச எழுந்தவர் உலகப்புகழ் வாய்ந்த ஆர்தர் எடிங்டன். சந்திரசேகரின் உழைப்பை மாதக்கணக்காக அருகிலிருந்து கவனித்தவர். தமது ஆக்ஷேபத்தையோ அவரிடம் முன்கூட்டிச் சொன்னவரல்லர். நக்ஷத்திரம் அவ்வாறு நடவாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரவேண்டும் என்று பரிகாசத்தோடு பேசினார். சபையோர் நகைத்தனர்.

வொல்ப்காங் பவுலி முதலிய பௌதிக நிபுணர்கள் சந்திரசேகரின் பக்ஷமே சரியென்று தனிமையில் ஒப்பினர். பகிரங்கமாக எடிங்டனை மறுக்க அப்போது பெரும்பாலோர் முன்வரவில்லை. அதே வருஷம் பாரிஸில் கூடிய சர்வதேச சபையில் சந்திரசேகர் பதில் கூறவும் தலைவர் இடந்தரவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983-ல்.

இதில் பெருங்குற்றம் எது? எடிங்டன் பிழைபட்டதன்று, ஷாப்லியுந்தான் பிழைபட்டார். உண்மையறிந்தோர் வாய்மூடி நின்றதும், ருஜுவின் இடத்தில் பெரியவர் ஒருவரின் கீர்த்தி அமர்ந்ததுமே பெருங்குற்றம். நியாயஸ்தலத்தில் வக்கீலின் புகழைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் நீதிபதியை நாம் மதிப்போமா? சாஸ்திர சபைக்கு மட்டும் வேறு நீதி உண்டோ?

அணை கட்டுவதா, மருந்தை அனுமதிப்பதா, நிலத்தை அகழ்வதா என்ற பொதுக் காரியங்களெல்லாம் இன்று நிபுணர்களின் வாதத்தையே பற்றி நிற்கின்றன. கணக்கு முழுவதையும் நாம் சரிபார்க்க இயலாது. வாத முறையைச் சரிபார்க்க இயலும். எதிரியின் கூற்றை அவரே ஒப்பும்படி எடுத்துரைத்தாரா? எந்த ருஜு கிடைத்தால் தம் கொள்கையைக் கைவிடுவார் என்று சொன்னாரா? இளையவருக்கும் பதில் கூற இடமளிக்கப்பட்டதா? இம்மூன்று கேள்விகளையும் தேசத்தொண்டர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சபையிலும் எழுந்து நின்று கேட்கவேண்டும். கைதட்டலும் நகைப்பும் விடையாகா என்பதையும் அங்கேயே சொல்லவேண்டும்.