வீட்டில் விஸ்கியை ஒப்பிட்டுச் சுவைத்தல்

விஸ்கி சேகரிக்கும் ஆர்வலர்கள் தங்களிடம் உள்ள புட்டிகள் சிலவற்றிலிருந்து சிறிது சிறிதாக ஊற்றி, நிறம், மணம், சுவை, விழுங்கியபின் நாவில் நிற்கும் பின்சுவை ஆகியவற்றை ஒரே அமர்வில் ஒன்றோடொன்று ஒப்பிடுவது ஒப்பிட்டுச் சுவைத்தல் எனப்படும். தேயிலைக்கும் காப்பிக்கும் இத்தகைய சுவைஞர்கள் நெடுங்காலமாக உண்டு. விஸ்கியில் இது தொழிலாகவும் இருக்கிறது, பொழுதுபோக்காகவும் இருக்கிறது. இக்கட்டுரை பொழுதுபோக்கைப் பற்றியது. குறிப்பாக, சென்னை போன்ற வெப்ப நகரில் ஒரு வீட்டு வரவேற்பறையில் செய்யப்படும் ஒப்பீடு எப்போது நம்பத்தக்கது, எப்போது வெறும் பெயர்ப்பலகை வழிபாடு ஆகிவிடுகிறது என்பதைப் பற்றியது.

புட்டிகள் வந்த வழி

சென்னைக்கும் விஸ்கிக்கும் உள்ள தொடர்பு பழையது. இன்று இந்தியாவெங்கும் அறியப்பட்ட மெக்டவல் என்ற பெயர், 1826-இல் ஆங்கஸ் மெக்டவல் என்பவர் மதராசில் தொடங்கிய வணிக நிறுவனத்தின் பெயர். 1951-இல் அதை விட்டல் மல்லையா வாங்கினார். இடையில் மதுவிலக்கு வந்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது, 1971-இல் தளர்த்தப்பட்டது, சில ஆண்டுகளில் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடி தளர்ந்தது. ஆகவே மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு எழுபது வயதுக்காரரின் இளமையில் விஸ்கி என்பது 'பெர்மிட்' வைத்திருப்பவர் வாங்கும் பொருள். 1983-இல் அமைக்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. இத்தனைக்கும் இன்றளவும் மது விற்பனை நடப்பது '1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்' என்ற பெயருள்ள சட்டத்தின் கீழ்தான்.

இந்தக் கதை எதற்கென்றால், வீட்டுச் சேகரிப்புகளின் இயல்பை இதுதான் தீர்மானித்தது. தியாகராய நகரிலோ அடையாற்றிலோ ஓர் அலமாரியைத் திறந்தால், உள்ளூர்க் கடையில் வாங்கியவற்றோடு சிங்கப்பூர், துபாய், அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ கொண்டுவந்த புட்டிகளும் இருக்கும். அயல்நாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் சுங்கவரியின்றி 2 லிட்டர் மது கொண்டுவரலாம். வரியற்ற கடைகளில் 1 லிட்டர் புட்டிகள் பெருமளவில் விற்பதும் அதற்குப் பொருத்தமாக இருக்கிறது. வெளிநாட்டு மது நம் வீட்டுக்கு வருவது புதிதுமல்ல. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் பேசுகிறது.

ஒப்பீட்டின் முதல் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. இந்தியாவில் விற்பதற்கென்று அடைக்கப்படும் விஸ்கியில் ஆல்கஹால் பெரும்பாலும் 42.8 விழுக்காடு. பழைய பிரிட்டிஷ் 'புரூஃப்' கணக்கின் மிச்சம் இது. அக்கணக்கில் 57.1 விழுக்காடு என்பது 100 புரூஃப். அதில் முக்கால் பங்கு, அதாவது 75 புரூஃப், 42.8 விழுக்காடு. வெளிநாட்டில் அதே பெயரில் விற்கும் புட்டியோ பல சமயம் 40 விழுக்காடு. "துபாய்ச் சரக்கு மென்மையாக இருக்கிறது, இங்குள்ளது காரமாக இருக்கிறது, கலப்படமோ?" என்று சந்தேகப்படுவோர் முதலில் பார்க்கவேண்டியது சீட்டில் அச்சிட்ட இந்த எண்ணை. 42.8 விழுக்காடுள்ள 30 மி.லி.யை 40-க்குக் கொண்டுவர 2 மி.லி. தண்ணீர் போதும், அரை தேக்கரண்டிக்கும் குறைவு. அதைச் செய்துவிட்டு மறுபடி ஒப்பிட்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

வயதும் வெப்பமும்

ஸ்காட்ச் என்ற பெயர் பெற ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். 'சிங்கிள் மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் செய்தது. இந்தியாவில் விஸ்கி என்று விற்பவற்றில் பெரும்பகுதி கரும்புச்சாற்றுப் பாகின் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த சாராவியைச் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதை விஸ்கி என்று விற்க முடியாது. ஆகவே இரண்டு புட்டிகளை அருகருகே வைக்குமுன் இரண்டும் ஒரே இனமா என்று பார்ப்பது நல்லது. மாம்பழத்தோடு மாம்பழத்தை ஒப்பிடலாம்.

வயது விஷயத்தில்தான் நம்மவர்களிடையே பெரிய மூடநம்பிக்கை. 12 ஆண்டு என்று போட்டிருந்தால் உயர்ந்தது, வயதே போடாத இந்திய மால்ட் தாழ்ந்தது என்று பேசுவோர் உண்டு. பீப்பாய் மூச்சுவிடும் பொருள். உள்ளிருக்கும் விஸ்கி மரத்துளைகள் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும். இதைத் 'தேவதைகளின் பங்கு' என்பர். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. பெங்களூரு வெப்பத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 10 விழுக்காடு குறைந்தால் 100 லிட்டர் 5 ஆண்டில் 59 லிட்டராகும். ஆண்டுக்கு 2 விழுக்காடு குறைந்தால் 12 ஆண்டு கழித்தும் 78 லிட்டர் இருக்கும். ஆவியாவது மட்டுமல்ல, மரத்திலிருந்து நிறமும் மணமும் இறங்குவதும் வெப்பத்தில் விரைவு. எனவே இங்கே நான்கைந்து ஆண்டுகள் என்பது அங்கே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்று சொல்வதில் மிகையில்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி முதிர்கின்றன என்றும் பொருளல்ல. பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் தன் 8 ஆண்டு விஸ்கிக்குப் 'பேராசைக்காரத் தேவதைகள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையே வைத்தது.

அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் வெளியிட்டது இந்தியாவில் அல்ல. 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியையும் கலந்து செய்த அதன் 'ஃபியூஷன்' விஸ்கியை, ஜிம் மர்ரே என்ற விமரிசகர் தம் 2010-ஆம் ஆண்டு நூலில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று குறித்தார். அதற்குப் பிறகுதான் நம்மூர் அலமாரிகளிலும் அதற்கு இடம் கிடைத்தது. நம் நாக்கைவிட வேற்றூர் நாக்கை நம்புவது நமக்குப் பழக்கந்தானே.

மணத்துக்கு நம் பெயர்கள்

விஸ்கியின் 'சுவை' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. நாக்கு இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு போன்ற சிலவற்றைத்தான் அறியும். ஜலதோஷம் பிடித்தவர் இந்த அமர்வில் உட்காருவதில் பயனில்லை.

புத்தகங்களில் உள்ள வருணனைகள் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரரின் நினைவுகள்: ஹீதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், கடற்பாசி. ஹீதர் பூவைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர் அதை மணந்ததாக எழுதுவது நகல் எடுப்பது, சுவைப்பது ஆகாது. நமக்கு நம் பெயர்கள் இருக்கின்றன. அவை வேதியியலோடும் பொருந்துகின்றன என்பதுதான் மகிழ்ச்சி.

ஓக் மரத்திலிருந்து இறங்கும் லாக்டோன் ஒன்றுக்கு 'விஸ்கி லாக்டோன்' என்றே பெயர். அதன் மணம் தேங்காய். அமெரிக்க ஓக்கில் அது மிகுதி. எனவே அமெரிக்கப் பூர்பன் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் தேங்காய்ப் பர்பி நினைவு வந்தால் அது கற்பனையல்ல. அதே மரத்தின் யூஜினால் கிராம்பின் மணப்பொருளேதான். வனிலின் தருவது ஐஸ்கிரீம் மணம். நொதிக்கும்போது உண்டாகும் எஸ்டர்களில் ஐசோஅமைல் அசிட்டேட் பழுத்த வாழைப்பழத்தைக் காட்டும். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் எஸ்டர் பாடத்தில் பழமணம் என்று படிப்பது இதைத்தான். ஷெர்ரி என்ற திராட்சை மது இருந்த பீப்பாயானால் உலர்திராட்சை, பேரீச்சம்பழம், சிலவற்றில் கருப்பட்டி. பார்லியைப் 'பீட்' என்னும் மக்கிய கரி எரித்த புகையில் உலர்த்தியிருந்தால் குவாயகால் முதலிய பீனால்கள் ஏறும்: விறகடுப்புப் புகை. ஐலே தீவின் லாஃப்ரோயக் போன்றவற்றில் அது பழைய மருத்துவமனைத் தாழ்வாரத்தின் மருந்து நெடிவரை போகும். முதல்முறை முகர்பவர் முகம் சுளிப்பது இயல்பு.

இதற்கு உகந்தது அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை. 2001-இல் வந்த 'கிளென்கெய்ர்ன்' கோப்பை இவ்வடிவில் புகழ்பெற்றது. வாய் அகன்ற எவர்சில்வர் தம்ளர் மணத்தைச் சிதறடித்துவிடும். டவரா மட்டும் துப்புவதற்கு உதவும். ஊதுவத்தி, மல்லிகைச் சரம், அடுக்களைத் தாளிப்பு மூன்றும் அறைக்கு வெளியே இருக்கட்டும். மூக்கு களைத்தால் காப்பிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது வெறும் காற்றைவிட மேலாக உதவவில்லை. சன்னலருகே போய் மூச்சு வாங்கினால் போதும்.

சில துளி தண்ணீர் விட்டால் மணம் 'திறக்கும்' என்பதற்கு ஓரளவு அறிவியல் விளக்கம் உண்டு. 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் கணினி மாதிரியில் பார்த்தபோது, ஆல்கஹால் 45 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கையில் குவாயகால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்பை நாடின. 59-க்கு மேல் போனால் ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளே அமிழ்ந்தன.

பெயரை மறைத்தல்

2001-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயின் கல்வி மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வருணித்தார்கள். கண் மூக்கை ஏமாற்றுகிறது. விஸ்கியிலோ நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரைச் சாயம் சேர்க்க ஸ்காட்லாந்து விதிகளே இடம் தருகின்றன. கருத்தது முதிர்ந்தது என்று சொல்ல முடியாது. நிறமே ஏமாற்றும் என்றால், விலையும் பெயரும் எவ்வளவு ஏமாற்றும்? வீட்டுக்காரர் "இது முப்பதாயிரம் ரூபாய்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றும் விஸ்கியைக் குறைசொல்ல விருந்தினருக்கு வாய் வராது.

எனவே ஒருவர் அடுக்களையில் ஊற்றி எண் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் பேசிக்கொள்ளாமல் முதலில் எழுத வேண்டும். எழுதுமுன் பேசினால் அறையில் குரல் ஓங்கியவரின் மூக்கே எல்லோருக்கும் மூக்காகிவிடும். செய்முறை வகுப்பில் பக்கத்து மாணவனின் அளவீட்டைப் பார்த்து எழுதுவதை நான் எத்தனையோ ஆண்டு பார்த்திருக்கிறேன், அதே நோய்தான்.

இரண்டு விஸ்கிகளுக்கு வேறுபாடு தெரிகிறதா என்பதைச் சோதிக்க முக்கோணச் சோதனை உண்டு. மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஐந்து நண்பர்களில் நான்கு பேராவது தற்செயலாகச் சரியாகச் சொல்ல வாய்ப்பு 243-இல் 11, அதாவது ஏறத்தாழ 4.5 விழுக்காடு. ஆகவே ஐவரில் நால்வர் சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மை என்று ஓரளவு நம்பலாம். இருவர் மட்டும் சொன்னால், ஐயாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு அந்த மேசையில் ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் பாலை முன்பு ஊற்றினதா பின்பு ஊற்றினதா என்று தேநீரைச் சுவைத்துச் சொல்லும் சோதனையைத் தம் 1935-ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். அடிப்படை ஒன்றே.

அளவும் சட்டமும்

ஒரு கோப்பைக்கு 15 மி.லி. போதும். ஆனாலும் ஐந்து விஸ்கி என்றால் 75 மி.லி., ஒரு பெரிய பெக்கைவிட அதிகம்; அதில் தூய ஆல்கஹால் 25 கிராம். துப்புவது அநாகரிகமல்ல, தொழில்முறைச் சுவைஞர்கள் செய்வதுதான். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்க்கு மது விற்கக் கூடாது. உரிமமின்றிக் காசு வாங்கிக்கொண்டு பரிமாறுவது குற்றம். வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கும் விதிகளில் வரம்பு உண்டு. மது எவ்வளவு குறைவாயினும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்ல முடியாது என்பது உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் கூறிய கருத்து. அமர்வு முடிந்தபின் வண்டி ஓட்டக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சென்னை வெயிலில் புட்டி

ஒயினைப்போல் விஸ்கி புட்டிக்குள் முதிர்வதில்லை. 12 ஆண்டு விஸ்கியை 20 ஆண்டு அலமாரியில் வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். ஆனால் கெடக்கூடும். மே மாதச் சென்னையில் மேற்குச் சுவரை ஒட்டிய கண்ணாடி அலமாரி அதற்கு மிக மோசமான இடம். வெயில் நிறத்தையும் மணத்தையும் மாற்றும். சூட்டில் திரவம் விரிந்து தக்கையைத் தளர்த்தும். ஒயினைப் படுக்க வைப்பார்கள். விஸ்கியை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், ஏனெனில் வலுவான ஆல்கஹால் தக்கையை அரிக்கும். அதன் அட்டைக்குழாயைத் தூக்கி எறியாமல் அதற்குள்ளேயே வைப்பது எளிய வழி.

அறைச்சூடும் முக்கியம். ஸ்காட்லாந்தில் 'அறை வெப்பநிலை' என்றால் இருபது பாகைக்குள். இங்கே 33 பாகையில் ஊற்றினால் மற்ற மணங்களை முந்திக்கொண்டு ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும். குளிரூட்டிய அறையில் அரைமணி நேரம் புட்டிகளை வைத்தபின் தொடங்கலாம். பனிக்கட்டி போட்டால் மணம் அடங்கிவிடும். குளிர்வடிகட்டல் செய்யாத விஸ்கி கலங்கவும் செய்யும். அந்தக் கலங்கல் கொழுப்பு அமில எஸ்டர்களால் வருவது, கலப்படமல்ல.

திறந்த புட்டி பாதிக்குக் கீழே இறங்கினால் உள்ளிருக்கும் காற்று மெல்ல வேலை செய்யும். சில மாதங்களில் மணம் மங்கும். போன தீபாவளிக்குத் திறந்து கால்பங்கு மிஞ்சிய புட்டியையும் நேற்றுத் திறந்த புட்டியையும் ஒப்பிட்டு ஒன்றை மட்டம் என்பது நியாயமாகாது. மிஞ்சியதைச் சிறிய கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி, திறந்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டிவைக்கிறார்கள். ஊறுகாய்ச் சீசாவில் மட்டும் ஊற்றக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பெருங்காயம் போகாது.