எதிரி காத்திருப்பான்: கையடக்க கன்சோலும் பழைய பாணி ஆர்பிஜியும்

பழைய பாணி ரோல் பிளேயிங் கேம்கள் இன்னும் ஏன் விக்குதுன்னு கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சின்ன வயசு ஞாபகம். எனக்கு அந்தப் பதில் ஒட்டவே இல்லை. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் இருந்தது 'டிவி கேம்' என்று எல்லோரும் சொன்ன நகல் பெட்டி. மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுறது. டிராகன் குவெஸ்ட், ஃபைனல் ஃபேண்டஸி மாதிரி படித்துப் படித்து ஆட வேண்டிய கேம் எதையும் நான் அப்போது கண்ணால் பார்த்ததுகூட இல்லை. இல்லாத ஞாபகம் எப்படித் திரும்பி வரும்? ஆனாலும் முப்பத்தெட்டு வயசில், ஆஸ்பத்திரி அறையில், ஆக்டோபாத் டிராவலர் என்னைப் பிடிச்சுக்கிச்சு.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து பதினோரு ராத்திரி நான்தான் கூட இருந்தேன். டிரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிடணும். அப்பா தண்ணி கேட்பார், தலையணையை நகர்த்தச் சொல்வார். புத்தகம் எடுத்துப் போயிருந்தேன், ஒரே பக்கத்தை நாலு தடவை படித்ததுதான் மிச்சம். தம்பி தன் ஸ்விட்ச்சைக் கொடுத்துவிட்டுப் போனான். முதலில் ஒரு ஆக்ஷன் கேம் போட்டேன். அப்பா கூப்பிட்டார். "ஒரு நிமிஷம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநொடியே எனக்கு அசிங்கமாகப் போச்சு. அந்த கேமை அதோடு விட்டேன்.

அதிலும் பாஸ் பட்டன் இருக்கே என்பீர்கள். இருக்கு. ஆனால் பத்து நிமிஷம் கழித்து வந்து பாஸை எடுத்தால் கைக்கு அந்த வேகம் மறந்திருக்கும், ரெண்டு நொடியில் செத்துப்போவோம். அந்த பயத்தில்தான் "ஒரு நிமிஷம்" வாயில் வருது.

ஆக்டோபாத்தில் சண்டை முறை வைத்து நடக்கும். என் முறை வந்தால் நான் ஏதாவது தேர்ந்தெடுக்கும் வரைக்கும் எதிரி சும்மா நிற்பான், அரை மணி நேரமானாலும் சரி. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறொன்று. திரையின் மேல்பக்கம் அடுத்து யார் முறை, அதற்கடுத்து யார் முறை என்று வரிசையாகத் தெரியும். எதிரிக்குப் பக்கத்தில் ஒரு கேடயமும் எண்ணும் இருக்கும். அவனுக்கு ஆகாத ஆயுதத்தால் அத்தனை தடவை அடித்தால் நிலைகுலைவான். எந்த ஆயுதம் ஆகாது என்று ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அதுவும் கீழேயே பதிவாகி நிற்கும். நம் ஆட்களின் பெயருக்குக் கீழே புள்ளிகள்: முறைக்கு ஒன்று சேரும், ஐந்து வரை சேர்த்து வைக்கலாம், ஒரே அடியில் மூன்று வரை செலவழிக்கலாம். சண்டையின் கணக்கு மொத்தமும் திரையில் எழுதி வைத்திருக்கு, தலையில் சுமக்க வேண்டியதில்லை. சதுரங்கப் பலகையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்ப்பது மாதிரி, ஒரு பார்வையிலேயே நிலவரம் புரிந்துவிடும்.

இது தற்செயலா அமைஞ்சதும் இல்லை. 1986-ல் ஃபேமிகாமில் வந்த முதல் டிராகன் குவெஸ்ட் டிவி முன்னாடி உட்கார்ந்து ஆட வேண்டியது. விட்ட இடத்தில் தொடர 20 எழுத்துள்ள மந்திரத்தைக் காகிதத்தில் எழுதி வைக்கணும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரைக்கும் போச்சு. ஒரு எழுத்து தப்பினால் அத்தனையும் போச்சு. 1989-ல் கேம் பாய் வந்தது: 160க்கு 144 புள்ளித் திரை, நாலே சாயம், பின்விளக்கு கிடையாது. அதே வருஷக் கடைசியில் ஸ்கொயர் நிறுவனத்தின் அகிடோஷி கவாசு அதற்காக 'மகாய் தோஷி சாகா' என்ற ஆர்பிஜியைச் செய்தார். நரிட்டாவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறக்கும் நேரத்தில், அதாவது ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில், முடிக்கிற மாதிரி திட்டமிட்டார்கள். சண்டைக்கு நடுவில் தவிர எங்கே வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளலாம். ஸ்கொயரின் முதல் பத்து லட்சம் பிரதி கேம் அதுதான். ஆடுபவரின் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்த வேலை அது. 1996-ல் போகேமான் வந்தபோது இந்த வழி ஏற்கனவே தேய்ந்திருந்தது.

இன்றைக்கு 'பழசு' என்று விற்பதும் முழுப் பழசு இல்லை. நடந்துபோகும்போது திடீர் திடீரென்று சண்டை வருவது பழைய ஆர்பிஜிகளின் பெரிய தொல்லை. நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு வந்த பிரேவ்லி டிஃபால்ட்டின் வெளிநாட்டுப் பதிப்பில் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், மொத்தமாக நிறுத்தியும் வைக்கலாம். 2019-ல் ஸ்விட்ச்சுக்கு வந்த டிராகன் குவெஸ்ட் XI எஸ்-ஸில் முழுக் கதையையும் 3டியிலும் ஆடலாம், 16-பிட் காலத்து 2டியிலும் ஆடலாம். எதை வச்சுக்கணும், எதைத் தூக்கிப் போடணும்னு யோசிச்சுதான் செஞ்சிருக்காங்க.

படத்தைப் பற்றியும் கொஞ்சம். பழைய பிக்சல் பொம்மைகள் குழாய் டிவிக்காக வரைந்தவை. அந்தக் கண்ணாடி புள்ளிகளின் ஓரத்தை இளக்கிவிடும். இன்றைய பெரிய எல்சிடியில் அதே பொம்மை செங்கல் அடுக்கியது மாதிரி தெரியும். ஸ்விட்ச்சின் 6.2 அங்குலத் திரையில் அந்தக் கரடுமுரடு கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. ஆக்டோபாத்தில் 'எச்டி-2டி' என்ற முறை: பிக்சல் ஆட்கள், முப்பரிமாண ஊர், முன்னும் பின்னும் மங்கலாக்கி நடுவில் மட்டும் கூர்மை. அப்பா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, கொலுவுல வைக்கிற பார்க் மாதிரி இருக்கு" என்றார். எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கலை. வீட்டுக்கு வந்தபிறகு பெரிய டிவியில் மாட்டிப் பார்த்தேன். அழகுதான், ஆனால் குனிந்து கொலுவைப் பார்க்கும் அந்த நெருக்கம் காணோம்.

குறை இல்லாமல் இல்லை. எட்டு பேர் சேர்ந்து சுற்றுகிறார்கள், ஆனால் ஒருத்தர் கதையில் மற்றவர்கள் வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். எந்த அத்தியாயமானாலும் ஊர், பிறகு குகை, கடைசியில் பெரிய எதிரி. பலம் ஏற்ற ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சண்டை போடணும், நடுவில் எனக்கே சலித்தது. ஆனால் அரைத்தூக்கத்தில் ஆடுகிறவனுக்குக் கதை சிக்கலாக இல்லாததே உதவியாகவும் இருந்துச்சு.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பின அன்றைக்குக் காலையில் ஒரு சண்டை பாதியில் நின்றது. பில், மருந்து, ஆட்டோ என்று அலைந்ததில் கன்சோலைப் பைக்குள் தூங்கப் போட்டதே மறந்துபோச்சு. நாலாம் நாள் எடுத்தேன். சார்ஜ் கொஞ்சம் மிச்சமிருந்தது. அடுத்த முறை என்னுடையது, கேடயத்தில் இன்னும் ரெண்டு, கையில் மூணு புள்ளி. அப்பா ஹாலில் பேப்பர் படிச்சுட்டிருந்தார்.