பெருமாள் கோயிலில் புத்தர்... பார்க்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள். பார்க்க வேண்டியவைதான். ஆனால், அங்கிருந்து காஞ்சிபுரம் திரும்பும் வழியில் ஆர்ப்பாக்கம் என்றோர் ஊர் வரும். அங்கே ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் புத்தர் இருக்கிறார்!

பெருமாள் கோயிலில் புத்தரா என்று கேட்காதீர்கள். காஞ்சி வட்டாரத்தில் அது அதிசயமே இல்லை. 7-ம் நூற்றாண்டில் இங்கு பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். மணிமேகலை காவியத்திலும் நாயகி காஞ்சிக்குத்தான் வந்து சேர்கிறாள். மடங்கள் போய்விட்டன. சிலைகள் மட்டும் அம்மன் கோயில்களிலும் சிவன் கோயில் மதிலிலும் தங்கிவிட்டன. 1915-ல் தொல்லியல் அறிஞர் து.அ.கோபிநாத ராவ் காஞ்சியில் தேடியபோது, காமாட்சியம்மன் கோயிலிலேயே சுமார் எட்டு அடி உயர நின்ற புத்தரைக் கண்டார். கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயிலில் அமர்ந்த புத்தர்களும் உண்டு.

ஆக, இந்த புத்தர்களைப் பார்க்கப் போகும்போது நாம் நுழைவது மியூசியத்துக்குள் அல்ல, தினமும் பூஜை நடக்கும் கோயிலுக்குள். செருப்பை வெளியே விடுங்கள். அர்ச்சகரிடமோ கோயிலைப் பார்த்துக்கொள்பவரிடமோ கேட்டுவிட்டு போட்டோ எடுங்கள். ‘இது எங்க புத்தர் கோயில், நீங்க பிடுங்கிக்கிட்டீங்க’ என்று அவரிடம் வாதம் செய்ய வேண்டாம். அவர் இல்லாவிட்டால் அந்தச் சிலை என்றோ துணி துவைக்கும் கல்லாகியிருக்கலாம்.

அதே சமயம் பெயரும் முக்கியம்தான். சேலம் பெரியேரியில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று வணங்கப்பட்ட சிலை புத்தர்தான் எனத் தொல்லியல் துறை அறிக்கை சொன்னது. தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி என்று அடையாளங்கள் தெளிவாக இருந்தன. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்று, அங்கே இனி பூஜை கூடாது என்றும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால், முனியப்பா என்று கும்பிட்டு வளர்ந்த ஒரு பாட்டிக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. சேலம் மாவட்டத்திலேயே தியாகனூரில் ஊர்க்காரர்கள் புத்தரை புத்தராகவே வணங்குகிறார்கள்; தியான மண்டபமும் இருக்கிறது.

சரி, பார்ப்பது புத்தரா, சமணத் தீர்த்தங்கரரா? காஞ்சிப் பக்கம் இந்தக் குழப்பம் நிறையவே வரும். ஆர்ப்பாக்கத்திலேயே சமணக் கோயிலும் உண்டு. தலைக்கு மேல் முக்குடை, உடலில் ஆடை இல்லை என்றால் தீர்த்தங்கரர். இடது தோளில் சீவர ஆடையின் கோடு, உச்சியில் தீச்சுடர் போன்ற முடி என்றால் புத்தர்.

பக்தி மேலிட்டு எண்ணெய், மஞ்சள், குங்குமம் பூசாதீர்கள். சிலைக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றினால் கரி படியும். பூ போதும். முதுகைக் காட்டி செல்ஃபி வேண்டவே வேண்டாம். 2012-ல் இலங்கையில் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் போட்டோ எடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்குக் காலி நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது. பிரிண்ட் போடக் கொடுத்த கடையிலிருந்துதான் விஷயம் போலீஸுக்குப் போனது!

வயலிலோ ஏரிக்கரையிலோ காவல் இல்லாமல் கிடக்கும் சிலை என்றால், ரீல்ஸில் லொகேஷன் போடாதீர்கள். சிலை திருடர்களும் இன்ஸ்டாகிராம் பார்க்கிறார்கள். புதிதாக மண்ணிலிருந்து வெளிப்பட்டிருந்தால் நகர்த்தாமல் வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் போக வேண்டும்.

கிராமக் கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த அந்த எட்டு அடி புத்தர் இப்போது சென்னை எழும்பூர் மியூசியத்தில் நிற்கிறார். அங்கே வெள்ளிக்கிழமை லீவு.