ஸரன்தீப் தந்த பெயரடை

புளத்கொகுபிட்டியவில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவியொருத்தி ஒருநாள் கேட்டாள்: "சேர், செரண்டிப்பிடஸ் எண்டா என்ன கருத்து?"

"அதிர்ஷ்டமான எண்டு எழுதிக்கொள்ளுங்க மகள்" என்றேன். இரவு அகராதியைப் புரட்டியபோதுதான், நான் சொன்னது அரைக் கருத்து என்று விளங்கியது.

இந்தப் பெயரடையின் வேர் நமது தீவின் பெயர். அரபு மாலுமிகள் இலங்கையை ஸரன்தீப் என்றார்கள். சிங்களத்துவீபம் என்ற வடமொழிப் பெயரே அப்படித் திரிந்தது என்பது பரவலான கருத்து. 1344இல் இங்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதாவின் பயணநூலிலும் அந்தப் பெயர் உண்டு.

ஸரன்தீபின் மூன்று இளவரசர்கள் பற்றிய கதை பாரசீக மரபில் வந்தது. 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாகியது. அதில் ஓர் ஒட்டகம் காணாமற் போகிறது. அதைக் கண்ணாலும் காணாத இளவரசர்கள், அதற்கு ஒரு கண் குருடு என்கிறார்கள். எப்படி? பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது; செழித்த மறுபக்கம் அப்படியே கிடந்தது.

இந்தக் கதையை நினைவில் வைத்து ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல், 1754 ஜனவரி 28ஆம் திகதிய கடிதமொன்றில் 'செரண்டிப்பிட்டி' என்ற பெயர்ச்சொல்லை உருவாக்கினார். பெயரடை பிறந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அவர் சொன்ன கருத்தில் இரண்டு பாதி உண்டு: தேடாதது தற்செயலாக எதிர்ப்படுவது ஒன்று; அதை இன்னதென்று கண்டுகொள்ளும் கூர்மை மற்றது. 1928இல் பிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் பூஞ்சணம் பிடித்தது தற்செயல். அதைச் சுற்றி பக்டீரியா அழிந்திருப்பதைக் கவனித்தது கூர்மை. பெனிசிலின் அப்படித்தான் கிடைத்தது. லொத்தர் விழுவது வெறும் அதிர்ஷ்டம். அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

இப்படி வந்த நிறப் பெயரடைகளும் உண்டு. கடுஞ்சிவப்பைக் குறிக்கும் 'கிரிம்சன்', சாயம் தரும் பூச்சியின் அரபுப் பெயரான கிர்மிஸிலிருந்து வந்தது. வான்நீலத்தைக் குறிக்கும் 'அஷூர்', ஒரு நீலநிறக் கல்லின் பெயரான லாஜவர்திலிருந்து வந்தது. முதலிலிருந்த 'ல'வைத் தங்கள் மொழியின் சுட்டென எண்ணி ஐரோப்பியர் விட்டுவிட்டார்கள்.

அடுத்த வகுப்பில் என் பிழையைச் சொல்லித் திருத்தினேன். "அப்ப இது எங்கட சொல்லா சேர்?" என்றாள், ஆங்கிலம் என்றாலே பயந்து ஒதுங்கும் அந்தப் பிள்ளை.

"பேர் எங்கட ஊர்ட பேர் மகள். சொல்லாக்கினது இங்கிலீஷ்காரன்" என்றேன்.

'அதிர்ஷ்டமான' என்பதை வெட்டிவிட்டு, 'தேடாமல் கிடைத்ததை அறிவால் கண்டுகொண்ட' என்று எழுதினாள். பிறகு அந்தச் சொல்லை இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.