காத்திருக்காத சர்வர்!

ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் ஒரு வெப்சைட்டைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர் எப்படிப் பதில் சொல்கிறது? ஆளுக்கு ஒரு புரோகிராம் ஓட வேண்டுமா? தேவையில்லை. ஒரே புரோகிராம் போதும். ஆனால் அது யாரிடமும் நின்று காத்திருக்கக் கூடாது. இந்த வித்தைக்கு அடிப்படை, நான்-பிளாக்கிங் ரீட். நோட் ஜேஎஸ், பைத்தானின் அசிங்க்ஐஓ ஆகியவற்றின் அடியில் நடப்பதும் இதுதான். வீட்டில் புரோகிராமிங் பழகும் வாசகர்களுக்காக இதை விளக்குகிறேன்.

சாக்கெட்டில் நடப்பது என்ன?

இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான இணைப்பின் ஒரு முனைதான் சாக்கெட். எதிர்முனை அனுப்பும் டேட்டா நேராக உங்கள் புரோகிராமுக்கு வருவதில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் அதை வாங்கி, அந்தச் சாக்கெட்டுக்கான பஃபரில் போட்டு வைக்கிறது. ரீட் கட்டளை அதிலிருந்து எடுத்துத் தருகிறது.

பஃபர் காலியாக இருந்தால்? சாதாரண ரீட் அங்கேயே நின்றுவிடும். டேட்டா வரும்வரை கெர்னல் உங்கள் புரோகிராமைத் தூங்க வைத்துவிடும். இதுவே பிளாக்கிங்.

ஓட்டலில் ஒரே ஒரு சப்ளையர் இருக்கிறார். முதல் மேஜைக்காரர் என்ன சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறார். சப்ளையர் அங்கேயே நின்றால் மற்ற மேஜைகளின் கதி என்ன? மேஜைக்கு ஒரு சப்ளையர் போடலாம். அதாவது இணைப்புக்கு ஒரு புராசஸ் அல்லது த்ரெட். கூட்டம் குறைவு என்றால் இது நல்ல வழிதான். பத்தாயிரம் என்றால் மெமரியும் பிராசஸரும் திணறும். 1999ல் டான் கெகல் இந்தச் சிக்கலுக்கு 'சி10கே' என்று பெயர் வைத்தார்.

மூன்று பதில்கள்

சாக்கெட்டை நான்-பிளாக்கிங் என்று அமைத்துவிட்டால் ரீட் நிற்காது. உடனே மூன்றில் ஒரு பதிலைத் தரும்.

1. ஓர் எண். அத்தனை பைட்கள் கிடைத்தன என்று அர்த்தம்.

2. பூஜ்யம். எதிர்முனை அனுப்புவதை முடித்துவிட்டது.

3. மைனஸ் 1, கூடவே 'ஈஅகெய்ன்' என்ற குறியீடு. இப்போது ஒன்றும் இல்லை, பிறகு வா என்று அர்த்தம்.

கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈஅகெய்னைக் கோளாறு என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தால், உயிருள்ள இணைப்பு சாகும். பூஜ்யத்தை 'பிறகு வா' என்று நினைத்தால், செத்த இணைப்பைச் சுற்றிச்சுற்றி வருவீர்கள்.

யார் மணி அடிப்பது?

'வந்ததா, வந்ததா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் பிராசஸர் நூறு சதவீதம் வேலை செய்யும், பயன் இருக்காது. எனவே சாக்கெட்களின் பட்டியலைக் கெர்னலிடம் கொடுத்து, ஏதாவது ஒன்றில் டேட்டா வந்தால் எழுப்பு என்று சொல்லிவிட வேண்டும். 1983ல் வந்த செலக்ட் இதைச் செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் அலச வேண்டும். லினக்ஸில் வழக்கமான உச்சவரம்பு 1024. பிறகு ஃப்ரீபிஎஸ்டியில் கேக்யூவும், லினக்ஸில் ஈபோலும் வந்தன. இவை டேட்டா வந்த சாக்கெட்களை மட்டும் சொல்லும். 2004ல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வர் இந்த வழியில் இயங்குவதுதான்.

பாதி ஆர்டர்

இனிமேல்தான் கவனம் தேவை. எதிர்முனை ஒரே தடவையில் அனுப்பிய வரி, உங்களுக்கு இரண்டு துண்டாக வரலாம். இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். டிசிபி பைட்களின் வரிசையைத்தான் காக்கும். செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. 'ரெண்டு இட்லி...' என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர் போன் பேசப் போனால், சப்ளையர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போவார் அல்லவா? அதுபோல ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பஃபர் வைத்து, வந்ததைச் சேர்த்து வைக்க வேண்டும். வரி முழுமையான பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்தப் 'பாதி ஆர்டர்' ஆயுதமாகவும் மாறியது. 2009ல் ராபர்ட் ஹேன்சன் வெளியிட்ட ஸ்லோலோரிஸ், நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து, கோரிக்கையை முடிக்காமல் சிறிது சிறிதாக அனுப்பும். இணைப்புக்கு ஒரு த்ரெட் வைத்த சர்வர்களில் எல்லா த்ரெட்களும் மாட்டிக்கொள்ளும். நான்-பிளாக்கிங் சர்வர் இதை மேலாகத் தாங்கும். ஆனாலும் அதற்கும் நேர வரம்பு தேவை. குறித்த நேரத்தில் கோரிக்கை முடியாவிட்டால் இணைப்பை மூடிவிட வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம். பைத்தானில் ஒரு த்ரெட் மட்டும் கொண்ட சாதாரண சர்வர் எழுதுங்கள். ஒரு விண்டோவிலிருந்து இணைத்துவிட்டு எதுவும் டைப் செய்யாதீர்கள். இன்னொரு விண்டோவிலிருந்து செய்தி அனுப்புங்கள். நான் செய்து பார்த்தபோது, முதல் இணைப்பை மூடும்வரை இரண்டாவதற்குப் பதிலே வரவில்லை. அதே சர்வரை செலக்டர்ஸ் மாட்யூல் கொண்டு மாற்றி எழுதியதும் பதில் உடனே வந்தது. பாடம் மனதில் பதிய இதைவிட எளிய வழி இல்லை.